வாசலில் நிற்கும் காரும் மலையில் ஓடும் காரும்

சிட்னியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போனால் பாத்தர்ஸ்ட் என்ற ஊர் வரும். ஊரின் விளிம்பில் ஒரு மலை. அதன் மேல் ஏறி இறங்கும் 6.213 கிலோமீட்டர் சாலை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது சாதாரணப் பொதுச்சாலைதான். இரு திசையிலும் வண்டிகள் போகும், வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர், ஓரத்தில் வீடுகளும் திராட்சைத் தோட்டமும் உண்டு. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையை அடைத்து ஒருவழியாக்கி, 161 சுற்றுகளில் 1,000 கிலோமீட்டர் தூரம் கார்களை ஓட்டுகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் நேர்ச்சாலையில் வேகம் 300 கிலோமீட்டரை நெருங்கும். ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டுநர்கள். முடிய ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும். பாத்தர்ஸ்ட் 1000 என்ற இந்தப் பந்தயத்துக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மகா பந்தயம்'. உலகில் இதைவிட வேகமான பந்தயங்களும் செலவு மிகுந்த பந்தயங்களும் எத்தனையோ இருக்கின்றன. இருந்தும், கார் பந்தயத்தை வேறெந்த நாளிலும் திரும்பிப் பார்க்காத குடும்பங்கள்கூட இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிமுன் உட்கார்ந்துவிடுவது ஏன் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

இந்தப் பந்தயத்தின் வரலாற்றை வழக்கமாக வீரர்களின் சாதனைப் பட்டியலாகவே எழுதுகிறார்கள். பீட்டர் பிராக் ஒன்பது முறை வென்றார், யார் எந்த ஆண்டு சாதனை நேரம் வைத்தார் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் பிழை ஒன்றும் இல்லை; ஆனால் இந்தப் பந்தயம் ஏன் பிழைத்திருக்கிறது என்பதற்கு அதில் விடை கிடைக்காது. பார்க்க வந்தவருக்குப் பந்தயத்தில் ஒரு பங்கு இருந்தது, அந்தப் பங்குதான் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைத் தாங்கி நிற்கிறது என்பதே என் வாதம். முதலில் அந்தப் பங்கு விதிப்புத்தகத்தில் எழுதியே இருந்தது: ஓடும் கார் நீங்கள் கடையில் வாங்கக்கூடிய காராக இருக்க வேண்டும். பிறகு அது கம்பெனிமேல் வைத்த பற்றாக மாறியது, அதன்பின் ஓட்டுநர்மேல் வைத்த பாசமாக மாறியது. பங்கு கைமாறிய போதெல்லாம் பந்தயம் தழைத்தது. பங்கு இல்லாமல் போன இரண்டு சந்தர்ப்பங்களில் தடுமாறியது.

தொடக்கம் எளிமையானது. 1948இல் ஹோல்டன் கார் விற்பனைக்கு வந்தபோது, சொந்த நாட்டில் செய்த கார் என்ற பெருமிதம் ஆஸ்திரேலியர்களிடம் பிறந்தது. இறக்குமதி வரிச் சுவருக்குப் பின்னே உள்நாட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. பல வெளிநாட்டுக் கம்பெனிகளும் உதிரிபாகங்களைக் கொண்டுவந்து அங்கேயே கார்களைப் பூட்டின. ஆனால் நாடோ மிகப் பெரியது, சாலைகளோ மோசம். வாங்கும் கார் தாங்குமா என்பதே அன்றைய குடும்பத் தலைவரின் முதல் கவலை. 1950களில் நாட்டைச் சுற்றி நடந்த ரெடெக்ஸ் ஓட்டங்களை மக்கள் ஆர்வத்தோடு பின்தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான்: புழுதியிலும் பள்ளத்திலும் எந்தக் கார் உடையாமல் வருகிறது என்று பார்த்தார்கள். அந்தக் கவலையை ஒரே நாளில், ஒரே இடத்தில், கண்முன்னே தீர்த்துக்காட்டுவதாக 1960இல் ஒரு பந்தயம் வந்தது. விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில் அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி நடந்த ஆர்ம்ஸ்ட்ராங் 500 அது. பணம் கொடுத்தது ஷாக் அப்சார்பர் செய்யும் கம்பெனி. தூரம் 500 மைல். வாக்ஸ்ஹால் கிரெஸ்டா காரில் ஜான் ராக்ஸ்பரோவும் ஃபிராங்க் கோடும் முதலில் வந்தார்கள். நாலு கதவு வைத்த குடும்பக் கார் அது.

விதிகள்தாம் இந்தப் பந்தயத்தின் உயிர். ஆஸ்திரேலியாவில் செய்த அல்லது பூட்டிய கார்கள், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதே நிலையில் ஓட வேண்டும். பின்னர் விலையை வைத்து வகுப்புகள் பிரிக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பந்தயங்களில் பொதுவாக இன்ஜின் அளவை வைத்துப் பிரிப்பார்கள். அது பொறியாளரின் அளவுகோல். விலையை வைத்துப் பிரிப்பது வாங்குபவரின் அளவுகோல். கையில் இவ்வளவு பணம் இருந்தால் எந்தக் கார் நல்லது என்ற கேள்விக்கு 500 மைல் தூரத்தில் விடை சொல்லும் சோதனை அது. டூரிங் கார் என்ற சொல்லுக்கே கூரையும் பின்னிருக்கையும் உள்ள, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிற கார் என்றுதான் பொருள். அந்தப் பொருளை இவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொண்ட பந்தயங்கள் குறைவு. அந்தக் கூட்டத்தில் நின்றவர் தன் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போன்ற ஒன்றைத்தான் தடத்தில் பார்த்தார். அதன் பிரேக் சூடேறிக் கைவிட்டால், அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும்போது அது அவர் நினைவுக்கு வரும்.

பிலிப் தீவின் தடம் இந்தச் சோதனையைத் தாங்கவில்லை. 1962 பந்தயத்தில் சாலை பெயர்ந்து போனது. காரைச் சோதிக்க வந்த இடத்தில் தடமே தோற்றது. 1963இல் பந்தயம் பாத்தர்ஸ்டுக்கு வந்தது. மலைச்சாலை ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் நிவாரணப் பணியாக, மலையழகைப் பார்க்கப் போகும் சுற்றுலாச் சாலை என்று சொல்லி அது போடப்பட்டது. அன்றைய மேயர் மார்ட்டின் கிரிஃபினின் மனதில் பந்தயத் தடமும் இருந்தது. 1938 ஈஸ்டரில் அங்கே மோட்டார் சைக்கிள்களும் கார்களும் ஓடின. அந்த ஆண்டின் ஆஸ்திரேலியன் கிராண்ட் பிரி பந்தயமும் அதே மலையில்தான் நடந்தது. பொது மக்களின் பணத்தில், வேலை இழந்தவர்களின் கைகளால் உருவான சாலை இது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்; கடைசியில் இதே செய்திக்குத் திரும்பி வருவோம். அந்த மலைக்கு அதைவிடப் பழைய உரிமைக்காரர்களும் உண்டு. விராஜுரி மக்களுக்கு அது வாலூ. 2015 முதல் அந்தப் பெயரும் அதிகாரபூர்வமாக மலைக்கு வழங்குகிறது.

குடும்பக் காருக்கு அந்த மலை எப்படிப்பட்ட சோதனை என்பதை ஒரு சுற்றைத் தொடர்ந்து போனால் புரிந்துகொள்ளலாம். தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி மலையேறும் நேர்ச்சாலை. அங்கே இன்ஜினுக்கு வேலை. சுமையோடு ஏறும்போது சூடு ஏறும். 'கட்டிங்' என்ற இடத்தில் பாறையை வெட்டிய குறுகிய வளைவு. இரண்டாம் கியருக்கு இறங்கித்தான் ஏற முடியும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். உச்சியில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சுவர். நடுவே சாலை திடீரென்று காலடியிலிருந்து நழுவியது போல் கீழே விழும். வளைந்து வளைந்து இறங்குகையில் காரின் எடை முழுவதும் முன்சக்கரங்களில். கடைசியாகக் கான்ராட் என்ற நீண்ட இறக்கம். ஒரு பந்தயக் காரின் கனெக்டிங் ராடு அங்கே உடைந்ததால் வந்த பெயர். இன்ஜின் உச்ச வேகத்தில் அலறிக்கொண்டு வந்து, கீழே பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். இதை 130 முறை செய்தால் 500 மைல். ஏற்றம் இன்ஜினையும் இறக்கம் பிரேக்கையும் வளைவு டயரையும் தனித்தனியே விசாரிக்கும். வெறும் வேகத்தை நம்பி வந்த கார் பாதியில் நிற்கும். பொறுமையாக ஓட்டப்பட்ட சின்னக் கார் முன்னுக்கு வரும்.

அப்படியே நடந்தது. பாத்தர்ஸ்டின் முதல் வெற்றி 1963இல் ஹாரி ஃபர்த்தும் பாப் ஜேனும் ஓட்டிய ஃபோர்டு கார்ட்டினாவுக்குக் கிடைத்தது. 1965 வரை கார்ட்டினாவே வென்றது. 1966இல் பின்லாந்துக்காரர் ரௌனோ ஆல்டோனனும் பாப் ஹோல்டனும் ஓட்டிய மினி கூப்பர் எஸ் வென்றது மட்டுமில்லை, முதல் ஒன்பது இடங்களையும் மினிகளே பிடித்தன. சிட்னியின் ஜெட்லாண்டு தொழிற்சாலையில் பூட்டப்பட்ட அந்தச் சின்னக் கார், பெரிய கார்களை மலையில் வைத்து மடக்கியது. ஞாயிற்றுக்கிழமை வெல்வது திங்கட்கிழமை விற்கும் என்பது கார் வியாபாரிகளின் பழமொழி. பாத்தர்ஸ்டில் அது உண்மையாக இருந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை வென்றதும் திங்கட்கிழமை விற்றதும் ஒரே பொருள் என்பதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அது வெறும் தோற்றம் என்பார்கள். ஒரே பொருள் என்று சொன்னாலும், கம்பெனிகள் பந்தயத்துக்கென்றே தனிக் கார்களைச் செய்து, விதியைத் திருப்திப்படுத்தும் அளவுக்கு மட்டும் எண்ணிச் சில நூறு கார்களை விற்றன. பொதுமக்களின் கார் என்பது விளம்பரத் தந்திரம். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஹோல்டன் 1963லேயே எஸ்4 என்ற பெயரில் நூற்றுச் சொச்சம் கார்களை இதற்கென்று செய்தது. 1967இல் ஃபோர்டு ஃபால்கன் ஜிடி வி8 இன்ஜினோடு வந்து வென்றது. 1968இலும் 1969இலும் ஹோல்டன் மோனாரோ பதிலடி கொடுத்தது. போட்டி சூடேறி 1971இல் ஃபால்கன் ஜிடிஎச்ஓ மூன்றாம் கட்டத்தில் வந்து நின்றது. 5.8 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட அந்தக் கார் செய்யப்பட்டது 300 மட்டுமே. அதில் ஆலன் மொஃபட் துணை ஓட்டுநர் இல்லாமல் தனியாளாக 500 மைலும் ஓட்டி வென்றார். முன் கிரில்லில் பறந்து வந்து ஒட்டிக்கொண்ட பீர் அட்டைப்பெட்டியோடு அவர் ஓட்டிய காட்சி இன்றும் பேசப்படுகிறது. இந்தக் கார் குடும்பத் தலைவர் வாங்கும் கார் இல்லைதான். ஆனால் மறுப்பாளர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விதி பொய்யாக இருந்திருந்தால், கம்பெனிகள் இவ்வளவு பாடுபட்டு 300 கார்களைத் தெருவில் விற்றிருக்கத் தேவையில்லை. விதி கடித்தது, அதனால்தான் பந்தயக் காரே நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்க வேண்டியிருந்தது. நான்கு கதவும் ஐந்து இருக்கையுமாக அது பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. தோற்றம் என்று தள்ளிவிட முடியாத உறவு அது.

அந்த உறவு உண்மையானது என்பதற்கு வலுவான சாட்சி, அதைக் கண்டு அரசு பயந்ததுதான். 1972 ஜூனில் சிட்னியின் ஒரு ஞாயிறு இதழ், மணிக்கு 160 மைல் வேகத்தில் போகக்கூடிய கார்கள் விரைவில் பொதுச் சாலைக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் எழுதியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மோரிஸ் கண்டனம் தெரிவித்தார். அந்த வகைக் கார்களைப் பதிவு செய்வதையே அரசுகள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்ற நிலை வந்ததும், சில நாட்களுக்குள் ஃபோர்டும் ஹோல்டனும் கிரைஸ்லரும் தங்கள் திட்டங்களைக் கைவிட்டன. ஜிடிஎச்ஓ நான்காம் கட்டக் கார்கள் நான்கோடு நின்றுபோயின. சாலை விபத்துகள் பெருகியிருந்த காலத்தில் அரசின் கவலை நியாயமானது. அந்த முடிவு தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு பெரியது. பந்தயக் காரையும் தெருக் காரையும் கட்டியிருந்த கயிறு அறுந்தது. 1973 முதல் புதிய விதி: கார் கடைக் காரை அடிப்படையாகக் கொண்டிருந்தால் போதும், பந்தயத்துக்காக மாற்றிக்கொள்ளலாம். அதே ஆண்டு மெட்ரிக் முறைக்கேற்ப தூரம் 1,000 கிலோமீட்டரானது, இரண்டு ஓட்டுநர்கள் கட்டாயமானது. தனியாளாக ஓட்டி வென்ற கடைசி வீரர், 1972இல் மழையில் ஆறு சிலிண்டர் ஹோல்டன் டொரானாவை வைத்து மொஃபட்டின் பெரிய ஃபால்கனை முந்திய பீட்டர் பிராக்.

கயிறு அறுந்த பிறகு பந்தயம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை, காரணம், பார்வையாளரின் பங்கு வேறு கைக்குப் போனது. தெருவில் ஓட்டும் கார் இனி தடத்துக் காரின் இரட்டைப் பிறவி இல்லை. ஆனால் ஒரே கம்பெனியின் பெயர் இரண்டிலும் இருந்தது. ஃபோர்டு வீடு, ஹோல்டன் வீடு என்று குடும்பங்கள் பிரிந்து நின்றன. அப்பா வாங்கிய கம்பெனியையே மகனும் வாங்கினார். கம்பெனிக்கு அடுத்தபடியாக மனிதர்கள் வந்தார்கள். பிராக் தன் காரில் எழுதியிருந்த எண் 05. குடித்துவிட்டு ஓட்டாதே என்ற விக்டோரியா மாநிலப் பிரச்சாரத்தில் ரத்தத்தில் மதுவின் சட்ட வரம்பான 0.05ஐக் குறிப்பது அது. மிக வேகமாக ஓட்டும் மனிதரின் கதவில் ஒழுங்காக ஓட்டு என்ற சொல். சாலையையும் தடத்தையும் மறுபடி சேர்த்துக் கட்டிய நூல் இழை அது. 1979இல் அவரும் ஜிம் ரிச்சர்ட்ஸும் ஆறு சுற்று முன்னிலையில் வென்றார்கள். தேவையே இல்லாத கடைசிச் சுற்றில் பிராக் சாதனை நேரம் வைத்தார். அதே ஆண்டு சேனல் செவன் தொலைக்காட்சி, ஓடும் காருக்குள் அசைந்து திரும்பும் கேமராவை வைத்து நேரடியாக ஒளிபரப்பியது. தெருக் காரைத் தடத்தில் பார்த்த மக்கள், இப்போது தடத்துக் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தக் கைமாற்றத்தை 1980ஆம் ஆண்டு போல வேறெதுவும் காட்டவில்லை. பிரிஸ்பேனைச் சேர்ந்த டிக் ஜான்சன் பெரிய கம்பெனி ஆதரவு இல்லாமல், இருந்த பணத்தையெல்லாம் ஃபால்கனில் போட்டு வந்தவர். முன்னிலையில் இருந்தபோது 17ஆம் சுற்றில் கட்டிங் அருகே சாலையில் கிடந்த பாறைக்கல் மேல் மோதினார், கார் நொறுங்கியது. சற்று நேரத்தில் தொலைக்காட்சியில் பேசும்போது அவர் குரல் உடைந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பணம் தருவதாகச் சொன்னார்கள். 70,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதே அளவு பணத்தை ஃபோர்டு நிறுவனமும் போட்டது. அடுத்த ஆண்டு அதே ஜான்சன், ஜான் ஃபிரெஞ்சோடு சேர்ந்து வென்றார். இங்கே பங்கு என்ற சொல்லை உருவகமாகச் சொல்லவில்லை. 1981இல் வென்ற அந்த முயற்சியில் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் காசு நேராகவே இருந்தது. 1960இன் வாங்குபவர் 1980இல் முதலீட்டாளரானார்.

பங்கு நழுவினால் என்ன ஆகும் என்பதை அடுத்த காலம் காட்டியது. 1985 முதல் பந்தயம் குரூப் ஏ என்ற சர்வதேச விதிகளுக்கு மாறியது. காகிதத்தில் பார்த்தால் இது பழைய கொள்கைக்குத் திரும்புவது போலத்தான்: ஒரு கார் தகுதிபெற ஆண்டுக்கு 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும். ஆனால் அந்த 5,000 உலகில் எங்கே வேண்டுமானாலும் விற்கப்படலாம். ஜாகுவாரும் பிஎம்டபிள்யூவும் ஃபோர்டு சியராவும் வந்தன. சியரா ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கே வராத கார். 1987இல் உலக சாம்பியன்ஷிப்பின் சுற்றாகவே பந்தயம் நடந்தது. முதல் இரண்டு இடம் பிடித்த ஐரோப்பிய அணியின் சியராக்கள், முன்சக்கர வளைவுகளை விதிக்கு மீறி அகலப்படுத்தியிருந்ததாகப் பிறகு நீக்கப்பட, வெற்றி பிராக்கின் ஹோல்டனுக்குப் போனது. அது அவருடைய ஒன்பதாவது. 1990இல் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும், இரட்டை டர்போ கொண்ட நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வந்தது. ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் அந்தக் காரில் 1991இலும் 1992இலும் தொடர்ந்து வென்றார்கள். தொழில்நுட்பத்தில் அந்த மலை அதுவரை பார்த்ததிலேயே மேலான கார் என்றுகூடச் சொல்லலாம். 1992இல் கொட்டும் மழையில் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. நிசான் விபத்தில் சிக்கியிருந்தும் முந்தைய சுற்றின் கணக்குப்படி அதற்கே வெற்றி. மேடையின் கீழ் நின்ற கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. அன்றுதான் முன்னாள் உலக சாம்பியன் டென்னி ஹல்ம் ஓட்டிக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பால் இறந்திருந்தார். துயரத்தில் இருந்த ரிச்சர்ட்ஸ் மேடையிலிருந்தே கூட்டத்தைக் கடுமையாக ஏசினார்.

அந்தக் கூச்சலை வெறும் அந்நிய வெறுப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வெறுப்பின் வாடை இருந்தது உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் அதுவே முழு விளக்கமாகாது. 1966இல் மினி முழுக்க ஆங்கிலேய வடிவமைப்பு, ஓட்டியவரில் ஒருவர் பின்லாந்துக்காரர், யாரும் எதிர்க்கவில்லை. நியூசிலாந்துக்காரரான ரிச்சர்ட்ஸை, பிராக்கோடு மூன்று முறை வென்றபோது அதே ஹோல்டன் கூட்டம் தோளில் தூக்கியது. 1989இல் ஜான்சன் வென்றது, நாட்டில் வாங்கவே முடியாத சியராவில். அதையும் கொண்டாடினார்கள், ஏனென்றால் ஓட்டியவர் தாங்கள் பணம் போட்ட மனிதர். 1992 மழையிலும் தடத்தில் முன்னே நின்றது ஜான்சனின் கார்தான். ஆகவே கோபத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. தங்கள் காரும் இல்லை, தங்கள் கம்பெனியும் இல்லை, தாங்கள் வளர்த்த மனிதரின் வெற்றியும் கையிலிருந்து பறிபோனது; அந்த மலையில் தங்களுக்கு இனி என்ன பங்கு என்று அவர்கள் கேட்டார்கள். கேட்ட விதம் அநாகரிகம், ஆனால் கேள்வி உண்மையானது.

நிர்வாகிகள் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டார்கள். 1993 முதல் ஆஸ்திரேலிய ஃபால்கனும் ஹோல்டன் கமடோரும் 5 லிட்டர் வி8 இன்ஜினோடு முதன்மை வகுப்பாகின. அப்போதும் மறுப்பு வரும்: அது காரைப் பற்றிய விஷயம் இல்லை, மலைதான் மக்களை இழுக்கிறது, எந்தக் காரை விட்டாலும் கூட்டம் வரும். இதற்கு வரலாறு ஒரு சோதனையே நடத்திக் காட்டியது. தொலைக்காட்சி உரிமைத் தகராறில் 1997லும் 1998லும் அதே மலையில் இரண்டு 1000 கிலோமீட்டர் பந்தயங்கள் நடந்தன. ஒன்றில் உலகெங்கும் மதிக்கப்பட்ட இரண்டு லிட்டர் சூப்பர் டூரிங் கார்கள், பிரிட்டனிலிருந்து வந்த தேர்ந்த அணிகள். 1998இல் அதை வென்றது வால்வோ. மற்றொன்றில் உள்ளூர் வி8 கார்கள். மலை ஒன்று, தூரம் ஒன்று. மக்கள் வி8 பக்கம் போனார்கள்; 1999 முதல் 1000 கிலோமீட்டர் பந்தயம் வி8களுக்கே ஆனது. மலை தனியாக எதையும் காப்பாற்றவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி என் வாதத்துக்கு எதிரான கடினமான மறுப்பு. 2013 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே அடிச்சட்டம், ஒரே கியர்பாக்ஸ். மேலே போர்த்திய உடல் மட்டும் வேறு. 2016 அக்டோபரில் ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2017 அக்டோபர் 20இல் எலிசபெத் நகரின் ஹோல்டன் தொழிற்சாலை மூடியது. 2020இல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் முடித்து வைத்தது. 2023இல் தடத்துக்கு வந்தவை ஃபோர்டு மஸ்டாங்கும் ஜெனரல் மோட்டார்ஸின் கமரோவும். கமரோ அப்போது ஆஸ்திரேலியக் கடையில் கிடைக்காத கார். 2023லும் 2024லும் வென்றது அதுதான். 1960இன் விதிப்படி அதற்குத் தொடக்கக் கோட்டிலேயே இடம் இருந்திருக்காது. கார் போனது, கம்பெனி போனது, 2006இல் பிராக்கும் ஒரு ராலி விபத்தில் இறந்துபோனார். பின்னும் பந்தயம் நடக்கிறது, மக்கள் வருகிறார்கள். அப்படியானால் பங்கு என்ற கதை பொய்தானே?

பொய்யில்லை என்பதே என் முடிவு, ஆனால் பங்கு மிகவும் சுருங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று அந்தப் பங்கு இரண்டு இடங்களில் எஞ்சியிருக்கிறது. ஒன்று நினைவு: தங்கள் நாடு சொந்தமாகக் கார் செய்தது, அந்தக் காரை அப்பா வாங்கினார், அது இந்த மலையில் வென்றது என்ற நினைவு. பீட்டர் பிராக் பெயரிலான கோப்பையை வெல்பவர்கள் ஏந்துவது அந்த நினைவைத்தான். நினைவுக்கு ஆயுள் உண்டு. ஃபால்கனையும் ஹோல்டனையும் ஓட்டிய தலைமுறை போனால் அதுவும் போகும். இரண்டாவது, சாலை. தொடக்கத்தில் சொன்ன நிவாரணப் பணிச் சாலை, இன்றும் பொதுமக்களின் சாலை. கார் தனியாருடையது, உரிமை தொலைக்காட்சியுடையது, சாலை மட்டும் எல்லோருடையது. 1986இல் ஓட்டுநர் மைக் பர்க்மன் கான்ராட் இறக்கத்தில் உயிரிழந்த பிறகு அங்கே 'சேஸ்' என்ற வளைவு சேர்க்கப்பட்டு அடுத்த ஆண்டு முதல் தடம் நீண்டது. அந்த வளைவிலும் சாதாரண நாளில் யார் வேண்டுமானாலும் தன் காரில் போகலாம். 1963இல் மக்கள் தங்கள் காரை மலையில் பார்த்தார்கள். இன்று தங்கள் காரோடு அந்த மலைக்கே போகிறார்கள். உறவின் திசை மாறியிருக்கிறது, உறவு அறுபடவில்லை.

ஆகவே இந்தப் பந்தயத்தை நடத்துபவர்களுக்கு வரலாறு சொல்லும் பாடம் ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டியபோது அது பிழைத்ததில்லை. உலகத் தரம் என்று மாறியபோதும் பிழைத்ததில்லை. வேலியோரம் நிற்பவர் இது என்னுடையது என்று சொல்ல ஏதோ ஒன்றை விட்டுவைத்த போதெல்லாம் பிழைத்தது. விலை வகுப்பும், 05 என்ற எண்ணும், தொலைபேசியில் வந்த காசும் அப்படிப்பட்டவை. அடுத்த தலைமுறைக்கு அவர்கள் எதைக் கொடுக்கப் போகிறார்கள் என்பதே இனி முக்கியம். பந்தயம் முடிந்து தடுப்புகளை எடுத்ததும் அந்த 6.213 கிலோமீட்டர் மறுபடி பொதுச்சாலையாகிறது. வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர்.